தட்டில் கட்டிய டயோடு

சரோஜா அக்காவின் டைரி ஏறக்குறைய மூன்று வருடம் என் வீட்டுப் பரணில் இருந்தது. உரக்கடை ஒன்று இலவசமாகக் கொடுத்த 1994ஆம் வருட டைரி. அட்டையில் நெற்கதிர் படம். உள்ளே தேதி எதையும் பார்க்காமல் பக்கத்துக்கு ஒன்றாக சர்க்யூட் படங்கள். ஒவ்வொரு படத்திலும் சில புள்ளிகளுக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் எண்கள் இருக்கும்: 0.6, 5.8, 11.4. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது அந்தப் புள்ளியில் மீட்டர் காட்டிய வோல்ட் அது.

"கெட்டப்புறம் மீட்டர வெச்சுத் தேடினா எந்த நம்பர் தப்புனு எப்படித் தெரியும்? நல்லா இருக்கறப்பவே எழுதி வெச்சுக்கணும்" என்பார் அக்கா. நான் பி.எஸ்ஸி. இயற்பியல் படித்தவன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். மூன்று வருடப் படிப்பில் ஒரு முறைகூட, நல்ல நிலையில் இருக்கும் ஒன்றை அளந்து எழுதி வைக்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியதில்லை.

அக்காவைப் பற்றி எழுதவேண்டும் என்று பல நாள் நினைத்தேன். எழுத உட்கார்ந்தால் ஒவ்வொரு முறையும் என்னைப் பற்றியதாகவே அது போய் முடிகிறது. அதனால் அவரிடமிருந்தே ஆரம்பிக்கிறேன்.

அவர் பிறந்தது கீழ்பென்னாத்தூர் பக்கம், வேர்க்கடலை போடும் குடும்பம். பத்தாவது முடித்ததும் பெண்களுக்கான தொழிற்பயிற்சி நிலையத்தில் ரேடியோ மெக்கானிக் பிரிவில் சேர்ந்தார். தையல் பிரிவில் இடம் நிரம்பிவிட்டதால்தான் அதில் சேர்ந்ததாக அவரே சொல்லிச் சிரிப்பார். பிறகு சென்னையில், டிரான்சிஸ்டர் ரேடியோ தயாரிக்கும் சின்னக் கம்பெனி ஒன்றில் இரண்டு வருடம் வேலை. நீள மேசையில் வரிசையாக நாற்பது பெண்கள். ஒரு போர்டு கைக்கு வந்தால் குறிப்பிட்ட நான்கு புள்ளிகளில் ஈயம் வைத்துவிட்டு அடுத்தவரிடம் தள்ள வேண்டும்.

"நாலு புள்ளி. நாள் பூரா அதே நாலு புள்ளி. அது எதுக்குனு கேட்டா சூப்பர்வைசர் சிரிப்பாரு. அது தெரிஞ்சுக்கணும்னுதான் எனக்கு இந்தப் பைத்தியம் புடிச்சுது" என்று அக்கா ஒருமுறை சொன்னார்.

1989இல் மூர்த்தி மாமாவைக் கட்டிக்கொண்டு எங்கள் ஊரான அடி அண்ணாமலைக்கு வந்தார். மாமா கீழ்பென்னாத்தூர் ரூட்டில் வேன் ஓட்டுகிறவர். அக்காவுக்குப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் வேலை கிடைத்தது. மூன்று மணிக்குச் சமையலறையைப் பூட்டிவிட்டு வீடு வந்தால், கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு ஈயம் உருகும் வாசனை வரும். பழைய ரேடியோக்களைப் பிரித்த பாகங்கள், திருவண்ணாமலைக் கடைத்தெருவில் தேடி வாங்கிய டிரான்சிஸ்டர்கள், எல்லாம் ஒரு முறுக்கு டின்னில் இருக்கும். யாருக்கும் விற்பதற்காக அவர் எதுவும் செய்ததில்லை. ஒன்று ஓடினால் ஏன் ஓடுகிறது, நின்றால் ஏன் நிற்கிறது என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

சூடு பார்க்க அவரிடம் ஒரு வழி இருந்தது. டிரான்சிஸ்டரை முடுக்கியிருக்கும் அலுமினியத் தட்டில் விரலை வைத்துக்கொண்டு ஒன்று, இரண்டு என்று எண்ணுவார். பத்து வரை வைக்க முடிந்தால் பயமில்லை. ஐந்துக்குள் எடுக்க நேர்ந்தால் எங்கோ கோளாறு.

பௌர்ணமிக்கு மலை சுற்ற வரும் கூட்டம் அந்த வருடங்களில் பெருகிக்கொண்டே போனது. எங்கள் ஊர் மலை சுற்றும் பாதையின் பாதி வழியில் இருக்கிறது. கால் வலித்து உட்காருகிறவர்களும், பிள்ளையைத் தவற விட்டுவிட்டு அலைகிறவர்களும் இங்கேதான் அதிகம். அதனால் 1995இல் ஊர் நற்பணி மன்றம் பாதையோரம் ஒரு கீற்றுப் பந்தல் போட்டு, காணாமல் போனவர்களைக் கூப்பிட மைக் வைத்தது. அந்த மைக் செட் அக்கா கட்டியது. கார் பேட்டரியில் ஓடும். கரண்ட் போனாலும் நிற்காது. மாமரத்தில் இரண்டு குழாய் ஸ்பீக்கர். அறிவிப்பதும் அக்காதான். பெண் குரல் கேட்டால் குழந்தை பயப்படாமல் வரும் என்று மன்றத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்டார்கள்.

தேடி வருகிறவர்கள் சொல்வதை ஒரு சீட்டில் எழுதி அக்காவிடம் கொடுப்பார்கள். பெயர், வயது, உடுப்பு, ஊர், கூட வந்தவர் பெயர். அந்த வரிசையில்தான் படிப்பார். மூன்று வருடத்தில் எத்தனை பிள்ளைகளைக் கூப்பிட்டிருப்பார் என்று கணக்கில்லை. கடைவீதியில் முகம் தெரியாதவர்கள்கூட அவர் பேசியதும் திரும்பிப் பார்த்து, "மைக்குல பேசறவங்களா நீங்க?" என்று கேட்பார்கள். அதைச் சொல்லும்போது அக்கா தலையைக் குனிந்துகொள்வார். ஆனால் சொல்லாமல் விடமாட்டார்.

1998இல் நான் படிப்பு முடித்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை இல்லை. சித்திரா பௌர்ணமிக்கு மூன்று வாரம் முன்னால், மன்றத் தலைவர் ஆதிமூலம் அண்ணன் தன் டீக்கடையில் வைத்துப் பேச்சை எடுத்தார்.

"செட்டு நல்லாத்தான் பேசுது சரோஜா. ஆனா மூடியத் தொறந்தா எலி கூடு கட்டின மாதிரி இருக்குதே. இந்த வாட்டி பெரிய ஆபீசருங்கல்லாம் பந்தலுக்கு வர்றாங்களாம். நம்ம ஊர்ல டிகிரி படிச்ச புள்ள சும்மாத்தான குந்தினு இருக்குது. அது கையில குடுத்து ஒழுங்கு பண்ணக்கூடாதா?"

"ஒயரு கோணலா இருந்தா கரண்ட்டு கோணலாவா போவும்?" என்றார் அக்கா.

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் "சும்மாத்தான குந்தினு இருக்குது" என்ற வார்த்தை எனக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. "பண்றேன் அண்ணா" என்றேன். அக்கா இரண்டு நாள் யோசித்துவிட்டு செட்டையும் டைரியையும் கொண்டுவந்து கொடுத்தார்.

"எதையும் கெடுத்துடாத மாறா."

பழைய செட் ஒரு மரப்பலகையில் திருகாணி அடித்துக் கட்டப்பட்டிருந்தது. நான் செப்புத் தகடு வாங்கி, கோடு வரைந்து, அமிலத்தில் கரைத்து, அழகான போர்டு ஒன்று செய்தேன். பாகங்களை ஒவ்வொன்றாக எடுத்து நேர்கோட்டில் நிறுத்தினேன். கரண்டை ஒரே திசையில் விடும் சின்னப் பாகமான டயோடு ஒன்று மட்டும் மற்றவற்றோடு சேராமல், இரண்டு நீள ஒயரின் நுனியில், பெரிய டிரான்சிஸ்டர்கள் இருக்கும் அலுமினியத் தட்டோடு பூக்கட்டும் நூலால் கட்டப்பட்டிருந்தது. மேலே வெள்ளைப் பசை தடவியிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. படத்தில் அந்த டயோடு டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில்தான் வரையப்பட்டிருந்தது. நூலை அறுத்துப் போட்டுவிட்டு டயோடைப் போர்டில், டிரான்ஸ்பார்மருக்குப் பக்கத்தில் வைத்தேன். இணைப்பு எதுவும் மாறவில்லை. எது எதோடு சேர வேண்டுமோ அது அதோடு சேர்ந்திருந்தது. இரண்டு ஒயர் மிச்சம்.

வீட்டில் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தேன். பழைய செட்டில் இருந்த உறுமல் சத்தம் இல்லை. என் அப்பா அப்பாசாமி, கையெழுத்து மட்டும் போடத் தெரிந்தவர், வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "காலேஜுல இதெல்லாம் சொல்லித் தர்றாங்களா?" என்றார். "ஆமாம்ப்பா" என்றேன். சொல்லித் தரவில்லை.

பௌர்ணமி அன்று மூன்று மணிக்கு, புதுப் பெட்டியில் செட்டைப் பந்தலுக்குக் கொண்டுபோனேன். அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அழகா இருக்குது. மூடியத் தொற, ஒரு வாட்டி உள்ள பாத்துடறேன்."

"எட்டு ஸ்க்ரூ அக்கா. கூட்டம் வர ஆரம்பிச்சுடுச்சு."

அக்கா என்னைப் பார்த்தார். பிறகு, "சரி, படிச்சவன் பண்ணியிருக்க" என்று மைக்கை எடுத்துக்கொண்டார்.

முதல் மூன்று மணி நேரம் நன்றாகவே ஓடியது. சித்திரை வெயிலில் கீற்றுக்குக் கீழேயும் அனல் அடித்தது. ஆறரைக்கு ஸ்பீக்கரில் குரல் கரகரக்க ஆரம்பித்தது. அக்கா பெட்டியின் பின்பக்கம் துருத்திக்கொண்டிருந்த தட்டில் விரலை வைத்தார். மூன்று எண்ணுவதற்குள் எடுத்துவிட்டார்.

"மாறா, மூணுக்கு மேல தாங்கல. நிறுத்திடலாம். ஆறட்டும்."

ஆதிமூலம் அண்ணன் என்னைப் பார்த்தார். சுற்றிப் பத்துப் பேர் இருந்தார்கள். 

"இந்த டிரான்சிஸ்டர் இருநூறு டிகிரி வரைக்கும் தாங்கும் அக்கா. புக்குல போட்டிருக்குது. விரல வெச்சுப் பாத்தா எல்லாமே சூடாத்தான் தெரியும்" என்றேன்.

யாரோ சிரித்தார்கள். அக்கா விரலைச் சேலைத் தலைப்பில் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்தார். அந்த இருநூறு டிகிரி டிரான்சிஸ்டருக்கு உள்ளே இருக்கும் சில்லுக்கு என்பதும், வெளியே தட்டில் கை வைக்க முடியவில்லை என்றால் உள்ளே சூடு அதைவிட அதிகம் என்பதும் எனக்குத் தெரியாததல்ல. அந்த நேரத்துக்கு அந்த எண் எனக்குத் தேவைப்பட்டது.

கொஞ்ச நேரத்தில் ஒரு அம்மா ஓடி வந்தார். நான்கு வயதுப் பெண் குழந்தையைக் காணோம். சீட்டு எழுதி அக்காவிடம் போனது. அக்கா படித்தார்.

"காணவில்லை. பெயர் ஓவியா. வயது நாலு. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை..."

ஸ்பீக்கரில் தட் என்று ஒரு சத்தம். அவ்வளவுதான். பெட்டியிலிருந்து கருகல் வாசனை வந்தது.

மன்றத்துப் பையன்கள் இரு பக்கமும் ஓடி வாயாலேயே கூப்பிட்டார்கள். நகரும் கூட்டத்தில் பத்தடிக்கு மேல் எதுவும் கேட்கவில்லை. இரண்டு மணி நேரம் ஆனது. ஒரு பொரிக்கடைக்காரர் குழந்தையைத் தன் பெட்டிமேல் உட்கார வைத்து, மைக்கில் கூப்பிடுவார்கள் என்று காத்துக்கொண்டிருந்தாராம். கூப்பிடவே இல்லை என்றதும் கடையை விட்டுவிட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த அம்மா குழந்தையின் முதுகில் ஒரு அடி வைத்துவிட்டு, அதையே கட்டிக்கொண்டு அழுதார். போகும்போது அக்காவிடம் திரும்பிச் சொன்னார்:

"மைக்கு இருக்குதுனுதாம்மா இங்கயே குந்திட்டேன். இல்லனா அப்பவே நானே ஓடித் தேடியிருப்பேன்."

அக்கா கையில் மைக் அப்படியே இருந்தது.

ஆதிமூலம் அண்ணன் என்னைக் கேட்டார்: "இன்னாப்பா ஆச்சு?"

"சர்க்யூட்லயே கோளாறு அண்ணா. நான் போர்டு மட்டும்தான் மாத்தினேன். டிசைன் அக்காவுது" என்றேன்.

அப்போது நான் சொன்னதை நானே நம்பினேன். இதைச் சொல்லிக்கொள்வதில் எனக்கு ஒரு சின்ன ஆறுதல் இருக்கிறது. அந்த ஆறுதல் இரண்டு நாள்தான் நீடித்தது.

மூன்றாம் நாள் மத்தியானம் பெட்டியைத் திறந்தேன். பெரிய டிரான்சிஸ்டர் இரண்டும் செத்திருந்தன. ஏன் என்று தெரியவில்லை. டைரியைப் புரட்டினேன். செட்டின் படம் இருந்த பக்கத்தில் கீழ் மூலையில், நான் முன்பே பார்த்து, படிக்காமல் விட்ட மூன்று வரிகள்:

"டயோடு தட்டோட ஒட்டி இருக்கணும். தட்டு சூடானா டயோடுக்கும் தெரியணும். இல்லனா சூடு ஏறிக்கிட்டே போவும்."

அவ்வளவுதான் விஷயம். டிரான்சிஸ்டர் சூடானால் அது இன்னும் கொஞ்சம் கரண்ட் இழுக்கும். அதனால் இன்னும் சூடாகும். இன்னும் இழுக்கும். அதை அடக்குவது அந்த டயோடு. அதே தட்டில் அதே சூட்டில் இருந்தால், சூடு ஏற ஏற அது டிரான்சிஸ்டர் இழுக்கும் கரண்டைக் குறைத்துக்கொண்டே வரும். நான் அதைக் குளிர்ச்சியான இடத்துக்கு மாற்றிவிட்டேன். தட்டு எரிவது அதற்குத் தெரியவே இல்லை. எது எதோடு சேர வேண்டும் என்று மட்டும்தான் படம் சொல்லும். எது எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லாது. அக்கா அதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஏதோ ஒரு கோடையில் ஒரு டிரான்சிஸ்டரைப் பறிகொடுத்து, விரல் சுட்டுக் கண்டுபிடித்திருக்கிறார்.

அன்று சாயங்காலமே அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். அப்பா வாசலில் கடலைக்கொடி உதறிக்கொண்டிருந்தார். நான் பட்டம் வாங்கிய போட்டோ சுவரில் மாட்டியிருந்தது. அக்கா அதற்குக் கீழேதான் நின்றார்.

"தொறந்து பாத்தியா?"

"பாத்தேன் அக்கா. ரெண்டும் போயிடுச்சு."

"டயோடு தட்டுலதான இருந்துச்சு?"

அவருக்குக் கேட்பதற்கு இருந்தது அந்த ஒரே கேள்விதான். வாசலில் கொடி உதறும் சத்தம் நின்றது மாதிரி எனக்குத் தோன்றியது. உண்மையில் நின்றதா என்று இப்போது சொல்ல முடியவில்லை.

"ஆமாம் அக்கா. தட்டுலதான் இருந்துச்சு" என்றேன்.

அக்கா வாசல் பக்கம் திரும்பினார். "அப்ப எனக்குத் தெரியல மாறா" என்று சொல்லிவிட்டுப் போனார். டைரியைக் கேட்கவில்லை.

அடுத்த பௌர்ணமிக்குத் திருவண்ணாமலையிலிருந்து வாடகைக்கு மைக் செட் வந்தது. அறிவிக்க என்னை உட்கார வைத்தார்கள். ஊரில் என் பெயர் மைக் மாறன் ஆனது. அக்கா ரேடியோ வேலை செய்வதை யாரும் தடுக்கவில்லை. மூர்த்தி மாமாகூடத் தடுக்கவில்லை. அக்காவேதான் சால்டரிங் அயர்னை முறுக்கு டின்னில் போட்டு அலமாரியின் மேலே ஏற்றிவிட்டார். பக்கத்து வீட்டு வள்ளி ரேடியோ பாடவில்லை என்று கொண்டுபோனபோது, "எனக்கு அதெல்லாம் தெரியாதுங்க" என்று திருப்பி அனுப்பினாராம். அக்கா அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்று வள்ளி ஊரெல்லாம் ஆச்சரியப்பட்டுச் சொன்னாள். பௌர்ணமி நாட்களில் அக்கா மத்தியான வேனிலேயே கீழ்பென்னாத்தூருக்கு அம்மா வீட்டுக்குப் போய்விடுவார்.

நான் சொல்லியிருக்கலாம். ஒவ்வொரு மாதமும் சொல்லியிருக்கலாம். முதல் மாதம் வெட்கமாக இருந்தது. ஆறாம் மாதம், ஆறு மாதம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று இருந்தது. ஒரு வருடம் போனதும், அக்கா மறந்திருப்பார் என்று நினைத்துக்கொள்ளப் பழகிவிட்டேன்.

2000இல் திருவண்ணாமலையில் ஸ்டெபிலைசரும் ஆம்ப்ளிஃபயரும் செய்து கொடுக்கும் ஒரு பட்டறையில் எனக்கு வேலை கிடைத்தது. முதலாளி ராமகிருஷ்ணன். அந்த மார்கழியில், கோயில்களுக்குச் செய்து கொடுத்த ஆம்ப்ளிஃபயர்களில் ஆறு வரிசையாகத் திரும்பி வந்தன. எல்லாம் ஒரே மாதிரி எரிந்திருந்தன. பட்டறையில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். நான் திறந்து பார்த்ததுமே சொல்லிவிட்டேன்:

"இந்த டயோடத் தட்டோட சேத்துக் கட்டணும் சார்."

கட்டினோம். நாள் முழுக்க ஓட்டினோம். சூடு ஏறவில்லை. முதலாளி எல்லாரையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டார்:

"எதுல படிச்சீங்க இத?"

"காலேஜ்ல சார்" என்றேன்.

"பாத்துக்குங்க. இதுக்குத்தான் படிச்சவன் ஒருத்தன் வேணும்ங்கறது."

மறுநாள் எனக்கென்று ஜன்னலோரம் ஒரு மேசை போட்டுக் கொடுத்தார். அக்காவிடமிருந்து அவருக்குத் தெரிந்ததைப் பிடுங்கி, அது தப்பு என்று அவரையே நம்ப வைத்துவிட்டு, அதைக் கொண்டே ஒரு மேசை வாங்கிவிட்டேன். இதைவிட நேராக என்னால் அதைச் சொல்ல முடியவில்லை.

தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பரணிலிருந்து செட்டை இறக்கி, டைரியையும் எடுத்துக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா விதைக்கடலை உடைத்துக்கொண்டிருந்தார். மாமா வாசலில் வேனின் ஸ்டெப்னியைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"வாய்யா மச்சான். இன்னா பெட்டியத் தூக்கினு வர்ற? ரேஷன்ல புதுசா குடுக்கறானா?"

நான் செட்டைக் கீழே வைத்தேன். அக்காவின் கை நின்றது.

"டயோடு தட்டுல இல்ல அக்கா. நான் போர்டுல மாத்தி வெச்சுட்டேன்."

அக்கா ஒரு கடலையை எடுத்து உடைத்தார். பருப்பை முறத்தில் போட்டார்.

"எப்பத் தெரியும் உனக்கு?"

"மூணாம் நாளு."

"நான் வந்து கேட்டனே."

"அன்னைக்கு மத்தியானமே தெரியும்."

மாமா கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தார். "இன்னா சொல்றான் இவன்?"

"அன்னைக்குச் செட்டு என்னால போவல. இவன் ஒண்ண எடம் மாத்தி வெச்சதால போச்சு. தெரிஞ்சும் சொல்லல" என்றார் அக்கா.

மாமா என் முன்னால் வந்து நின்றார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றும் நினைத்தேன்.

"மூணு வருஷமா இவ வீட்டு ரேடியோவக்கூடத் திருப்பினதில்ல, தெரியுமாடா உனக்கு? அடிக்கணும்போலத்தான் இருக்குது. நீ டிகிரி படிச்சவன். எங்க அடிச்சா உனக்கு எங்க வலிக்கும்னு எனக்குப் புரியல."

அவர் மறுபடி ஸ்டெப்னிக்குப் போய்விட்டார். தண்ணீர் அடிக்கும் சத்தம் முன்னைவிட வேகமாகக் கேட்டது.

அக்கா முறத்தைத் தள்ளி வைத்தார். "அந்தக் குழந்தை கெடச்சுடுச்சு. அத விடு. கண்ண மூடினா அந்தப் படந்தான் எனக்கு வரும். டயோடு தட்டுல இருந்தும் சூடு ஏறுச்சுனா, நான் புரிஞ்சு வெச்சது எல்லாமே தப்புனுதான அர்த்தம்? சென்னையில இருந்து நானா பாத்துப் பாத்துத் தெரிஞ்சுக்கிட்டது எல்லாமே."

"என்ன மன்னிச்சுடுங்க அக்கா."

"அத அப்புறம் பாக்கலாம். ஆதிமூலம் அண்ணன்கிட்ட போய்ச் சொல்லு. கடையில நாலு பேரு இருக்கறப்ப சொல்லு. அன்னைக்கும் நாலு பேரு இருக்கறப்பதான சொன்ன."

போனேன். டீக்கடையில் நாலு பேருக்கு மேலேயே இருந்தார்கள். சொன்னேன். ஆதிமூலம் அண்ணன் டீயை ஆற்றிக்கொண்டே கேட்டார்.

"அந்த டயோடு எம்மாம் பெருசு?"

பையில் வைத்திருந்த அதே மாதிரி டயோடு ஒன்றை எடுத்துக் காட்டினேன். அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது. கடையே சிரித்தது.

"இத்தினூண்டு சமாச்சாரத்துக்கா மனு குடுக்க வந்துட்ட? விடுப்பா. அந்தம்மாவே மறந்திருக்கும்."

"மறக்கல அண்ணா. அக்கா மேல தப்பில்ல. பொய் சொன்னது நான். வேணும்னா அக்கா சரி பண்ணி இங்கயே ஒரு மணி நேரம் ஓட்டிக் காட்டுவாங்க."

"அந்தம்மா அப்படிச் சொல்லுச்சா?"

"இல்ல."

"அப்புறம் நீயா எதுக்கு இழுத்து வுடற? ஓடலைன்னா மறுபடியும் அதுக்குத்தான கெட்ட பேரு?"

குற்றத்தை ஒத்துக்கொள்ள வந்த இடத்தில்கூட அக்காவைக் கேட்காமல் அவருக்காக ஒன்றை முடிவு செய்துவிட்டேன். என்னை நானே நல்லவனாக்கிக்கொள்ளும் அவசரம் அது. வீடு வரை அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

பதினைந்து நாள் அக்கா எதுவும் சொல்லி அனுப்பவில்லை. அவர் வீட்டிலிருந்து ஈய வாசனை வருகிறது என்று வள்ளி சொன்னாள். பிறகு ஒரு ஞாயிறு மூன்று மணிக்கு, அக்காவே செட்டை மாமாவின் வேனில் ஏற்றி டீக்கடைக்குக் கொண்டுவந்தார். எனக்கும் ஆள் அனுப்பினார். நான் போனபோது பெட்டியின் மூடி கழற்றி ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. செத்த டிரான்சிஸ்டர் இரண்டையும் அக்கா மாற்றியிருந்தார். என் போர்டைத் தூக்கி எறியவில்லை. அதிலிருந்து டயோடை மட்டும் எடுத்து, இரண்டு நீள ஒயரில் தட்டுக்குக் கொண்டுவந்து, பூக்கட்டும் நூலால் கட்டியிருந்தார். என் நேர்கோடுகளுக்கு நடுவே அந்த இரண்டு ஒயரும் கோணலாகப் போயின.

செட்டை முழு சத்தத்தில் ரேடியோவோடு இணைத்து, நல்ல வெயிலில் வைத்தார்கள். விவசாயம் பற்றிய பேச்சு, அப்புறம் நாதஸ்வரம். முதலில் வேடிக்கை பார்த்தவர்கள் கலைந்து போனார்கள். நான் நின்றுகொண்டே இருந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை. நாலே காலுக்கு அக்கா எழுந்தார்.

"அண்ணா, விரல வைங்க. நீங்களே எண்ணுங்க."

ஆதிமூலம் அண்ணன் விரலை வைத்தார். ஒன்று, இரண்டு என்று சத்தமாக எண்ணினார். பத்து வந்தது. நிறுத்தாமல் இருபது வரை போனார்.

"என் டீ கிளாஸே இதவிட சூடா இருக்கும்" என்றார். பிறகு தலையைச் சொறிந்தார். "சரி, மாசிப் பௌர்ணமிக்கு நீயே வந்து குந்து. ஆனா வாடகைச் செட்டும் பக்கத்துல இருக்கட்டும் சரோஜா. இருந்தாலும்..."

அந்த 'இருந்தாலும்' என்னால் வந்தது.

"இருக்கட்டும் அண்ணா" என்றார் அக்கா.

வேனில் செட்டை ஏற்றும்போது நான் கை கொடுக்கப் போனேன். "வேணாம், நாங்க பாத்துக்கறோம்" என்றார் அக்கா. ஏறி உட்கார்ந்த பிறகு, பர்ஸிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து ஜன்னல் வழியாக நீட்டினார். மடிப்புகளில் நைந்து போயிருந்தது.

"இத அன்னைக்கு நான் படிச்சு முடிக்கல. மூணு வருஷமா எங்கிட்டயே இருந்துச்சு. இனிமே நீ வெச்சுக்க."

வேன் போன பிறகு பிரித்துப் பார்த்தேன். மன்றத்துப் பையன் ஒருவனின் அவசரக் கையெழுத்து. ஓவியா. 4. பச்சைப் பாவாடை, மஞ்சள் சட்டை. கண்டாச்சிபுரம். அம்மா பெயர் தனலட்சுமி.

மாசிப் பௌர்ணமிக்கு அக்கா பந்தலில் உட்கார்ந்தார். வாடகைச் செட்டை எடுக்க வேண்டி வரவில்லை. நான் கூட்டத்தோடு நடந்து, அவர் குரல் கேட்கும் தூரத்தில் நின்றுவிட்டுத் திரும்பினேன். பட்டறையில் முதலாளியிடமும், அதை எனக்குச் சொல்லிக் கொடுத்தது காலேஜ் இல்லை, எங்கள் ஊரில் ஒரு அக்காவின் டைரி என்று சொன்னேன். "யாரு எழுதினா என்னங்க, வேலை நடந்தா சரி" என்றார். மேசை ஜன்னலோரத்திலேயே இருக்கிறது.

சீட்டு என் சட்டைப் பையில் இருக்கிறது. கண்டாச்சிபுரத்துக்குப் பஸ் ஸ்டாண்டிலிருந்து அடிக்கடி பஸ் உண்டு. அந்தக் குழந்தைக்கு இப்போது ஏழு வயது ஆகியிருக்கும். அந்த அம்மாவிடம் போய் என்ன சொல்வது? அன்று மைக் ஏன் நின்றது என்று சொல்ல வேண்டும். அவர் கோபப்பட்டது தப்பான ஆளிடம் என்றும் சொல்ல வேண்டும். அவ்வளவுதான், சின்ன விஷயம்தான். ஞாயிற்றுக்கிழமை போகலாம் என்று நினைக்கிறேன். இப்படி நினைத்து மூன்று ஞாயிறு போய்விட்டது.